நான் எம் சைஸாக இருந்த காலம்

சிலர் வாழ்க்கையில் கொஞ்ச காலம் கவுன்சிலராக இருந்திருப்பார்கள். சிலர் கோயில் கமிட்டித் தலைவராக இருந்திருப்பார்கள். நான் கொஞ்ச காலம் ஓர் எழுத்தாக இருந்தேன். எம்.

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் (வெளிநாட்டுக்கு டி-ஷர்ட் அனுப்பினாலும் எங்கள் ஊரில் அது பனியன் கம்பெனிதான்) நான் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். வாங்குகிறவர், அதாவது பையர், கேட்பதைத் தொழிற்சாலைக்கும், தொழிற்சாலை சொல்லும் சாக்குகளை வாங்குகிறவருக்கும் பதமாக எடுத்துச் சொல்லும் வேலை. புது டிசைன் வந்தால் முதலில் எம் சைஸில் ஒரே ஒரு சாம்பிள் தைப்பார்கள். அதை ஓர் ஆளுக்குப் போட்டு, தோள் உட்காருகிறதா, மார்பில் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற சைஸ்களைக் கூட்டிக் குறைத்துப் பிரிப்பார்கள். வசதியான கம்பெனிகளில் இதற்கென்று ஒரு பொம்மை வைத்திருப்பார்கள். எங்கள் கம்பெனியில் நான் இருந்தேன்.

நான் மனுப்போட்டு வாங்கிய பதவி இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் துணி வெட்டுவதற்கு அளவு அட்டை போடுகிற பேட்டர்ன் மாஸ்டர் பழனிசாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் மார்பைச் சுற்றிப் பிடித்தார். பிறகு தோள். பிறகு இடுப்பு. "அடடா! சைஸ் சார்ட்டைப் பார்த்துப் பெத்த மாதிரியல்ல இருக்கறீங்க!" என்றார். அன்றிலிருந்து சாம்பிள் தைத்து முடித்ததும் "எம்மைக் கூப்பிடுங்க" என்று குரல் வரும். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டே போவேன். என் ஊதியத்தில் இதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது. ஆனால் கடல் தாண்டி எங்கேயோ ஒருவன் டி-ஷர்ட் போட்டுக் கண்ணாடியில் பார்த்து மகிழ்கிறான் என்றால் அது என் தோளின் கருணை என்று நான் உள்ளூர நம்பினேன்.

கல்யாணமாகிச் சில வருடங்களில் கருணை வயிற்றுப் பக்கம் இறங்கத் தொடங்கியது.

எங்கள் முதலாளியம்மா திட்டும்போதுகூட மரியாதை குறையாது. அதுதான் பயமாக இருக்கும். ஒருநாள் சாம்பிள் போட்டு நின்ற என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சரவணன், நெஞ்சு எம்ல இருக்குதுங்க. வயிறு எக்ஸெல்லுக்குப் போயிருச்சாட்ட இருக்குதுங்களே?" என்றார். சுற்றி நின்ற தையல்காரப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நூல் அறுந்துவிட்டது போல, குனிந்துகொண்டார்கள்.

அடுத்த மாதம் புதிதாக ஒரு பையரின் பெங்களூர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து, சாம்பிளை நேரிலேயே போடச் சொல்லிப் பார்க்கப் போகிறார்கள். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர். "அதுக்குள்ள வயித்தைக் கொறைங்க. ஆனா நெஞ்சும் தோளும் ஒரு நூல் கொறையக் கூடாதுங்க. முடியலீன்னா சொல்லுங்க, பிரிண்டிங் செக்ஷன்ல தினேஷ்னு ஒரு பையன் இருக்கறான், அவனைப் பார்த்துக்கலாம்" என்றார். தினேஷை எனக்குத் தெரியும். அவன் சட்டையைக் கழற்றினால் பிரிண்டிங் செக்ஷனே வேலையை நிறுத்திப் பார்க்கும். அன்று சாயங்காலமே ராயபுரத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன்.

அங்கே பயிற்சி கொடுப்பவர் பெயர் ஜோசப். என் கோரிக்கையைப் பொறுமையாகக் கேட்டார்.

"கொழுப்புக் கரையோணும், சதை கரையக் கூடாது. அவ்வளவுதானுங்களே அண்ணா? அப்படீன்னா ஓடாதீங்க. வேகமா நடங்க. பக்கத்துல ஒருத்தர் கேட்டா மூச்சு வாங்காம பதில் சொல்ல முடியோணும். பாட முடியாது, பேச முடியும், அந்த வேகம். வாரத்துல ஒருநாள் வேணும்னா கொஞ்சம் வேகமா ஓடிப் பாருங்க. ஆனா வெயிட் தூக்கறத விட்டுறாதீங்க. முட்டை, பருப்பு, கொள்ளு எல்லாம் நல்லாச் சாப்பிடுங்க. சதைக்கு வேலையும் குடுக்கோணும், சோறும் போடோணும். இல்லீன்னா ஒடம்பு அதையும் எடுத்துத் தின்னுபோடும்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சந்தா கட்டிச் சேர்ந்திருக்கிறேன். இந்த மனிதர் நடக்கச் சொல்கிறார், சாப்பிடச் சொல்கிறார், பேசச் சொல்கிறார். இந்த மூன்றையும் செய்துதானே இந்த வயிறே வந்தது?

அப்போதுதான் என் தொழில் மூளை வேலை செய்தது. (அது ஓய்வாகவே இருந்திருக்கலாம்.) பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். வாங்கியவர் வீட்டில் போய்ச் சுருங்கினால் எங்கள் தலை உருளும். அதனால் காம்பாக்டிங் என்று ஓர் இயந்திரத்தில் விட்டு, சூடு காட்டி, அழுத்தி, இங்கேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுவோம். இதிலிருந்து நான் கண்டறிந்த தத்துவம்: சூடு ஏற ஏறச் சுருக்கம் ஏறும். ஆகவே உடம்பை எவ்வளவு கொதிக்க வைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வயிறு உள்ளே போகும். ஜோசப் பாவம், பருத்தி தெரியாதவர்.

துணி ஒருபோதும் நாம் கேட்ட இடத்தில் மட்டும் சுருங்குவதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. இதை விளக்கி நானே பையர்களுக்கு எத்தனையோ மெயில் அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் விடிவதற்குள் ஓட ஆரம்பித்தேன். வெறும் வயிற்றில், உயிர் போகிற வேகத்தில். வெயிட் தூக்குவதை விட்டேன், அதற்கு நேரமில்லை. முட்டையை விட்டேன், பருப்பை விட்டேன், கொள்ளுப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. வெள்ளரிக்காயும் எலுமிச்சைத் தண்ணீரும்தான். வியர்வை கூடட்டும் என்று கம்பெனியில் அட்டைப் பெட்டிகளைச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் பிலிமை வயிற்றில் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது சரக் சரக்கென்று சத்தம் வரும். பெருமாநல்லூர் ரோட்டு நாய்கள் அதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டன. அதனால் வேகம் இன்னும் கூடியது.

கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வேறு. நெஞ்சுத் துடிப்பை நிறத்தில் காட்டும். நிதானமாகப் போனால் பச்சை, எல்லை மீறினால் சிவப்பு. எங்கள் செக்கிங் டேபிளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் அந்தப் பீஸ் கழிவு என்று பொருள். வருடக்கணக்காக அந்தச் சிவப்புக்குப் பயந்தே பிழைத்தவன், என் மணிக்கட்டில் சிவப்பு வந்து வாட்ச் அதிர்ந்தபோது மட்டும் அது கைதட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் இப்படி ஓடிக்கொண்டிருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் இருவர் என் முகத்தைப் பார்த்துக் கலவரமாகி, "க்யா ஹுவா பையா?" (என்ன ஆச்சு அண்ணா?) என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். மூச்சு இருந்தால்தானே சொல்வதற்கு? வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கையைப் பின்பக்கம் காட்டினேன் (நாயைத்தான் காட்டினேன்). அவர்கள் வேறு எதையோ கற்பனை செய்துகொண்டு என்னோடு ஓடி வந்தார்கள். மூன்று பேர் தலைதெறிக்க ஓடி வருவதைக் கண்ட டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினார். பேச முடிகிற வேகம் என்று ஜோசப் சொன்னதன் அர்த்தம் அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நானோ, ஊரையே ஓட வைத்துவிட்டோமே என்று பெருமைப்பட்டேன்.

என் மனைவி கவிதா மட்டும் திருப்தியாக இல்லை. "ஏனுங்க, கன்னம் ஒட்டிப் போச்சு. தோளெல்லாம் ஹேங்கராட்டம் தெரியுது. வயிறு மட்டும் வெச்ச எடத்துலயே இருக்குதுங்களே?" என்றாள்.

"வயிறு கடைசியாத்தான் போகும்."

"அது போறப்போ கூட நீங்களும் போயிருவீங்களாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் வைத்த முட்டையை எடுத்து மகளுக்குக் கொடுத்தாள்.

இதே நாட்களில்தான் சாம்பிளிங் செக்ஷனில் ஒரு விபரீதம் தொடங்கியது. பழனிசாமி மாஸ்டர் புது ஆர்டருக்கு முதல் சாம்பிள் தைத்து எனக்குப் போட்டார். மார்பில் லேசாக லூஸ். தோள் தையல் கொஞ்சம் கீழே இறங்கியது. "அப்படி வராதுங்களே" என்று முனகிக்கொண்டே பேட்டர்னை உள்ளே பிடித்துச் சிறிதாக்கினார். அடுத்த வாரம் மறு சாம்பிள். மறுபடி லூஸ். மறுபடி பிடித்தார். மறுபடியும் லூஸ். அவர் பின்னாலேயே துரத்திக்கொண்டு வர, நான் சட்டைக்குள் முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். இது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மாஸ்டர் முதலில் துணியைச் சந்தேகப்பட்டார். பிறகு டேப் நீண்டுவிட்டது என்று புது டேப் வாங்கினார். பிறகு தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக் கண்ணாடியை மாற்றினார். என்னை மட்டும் அவர் மறுபடி அளக்கவில்லை, அவருக்கு நான்தானே சார்ட். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வெட்டக் கற்றுக்கொண்டவர்கள். தெருவில் போகிறவன் சட்டையைப் பார்த்தே எந்தக் கம்பெனி கட்டிங் என்று சொல்லிவிடுவார். அந்த மனிதர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "என்றா இது, கை தப்புதா, கண்ணு தப்புதான்னு தெரியலீங்களே" என்று நின்றார்.

நான் என்ன செய்தேன்? ஆறுதல் சொன்னேன். தோளில் கை வைத்து, "விடுங்க மாஸ்டர், வயசானா எல்லாருக்கும் வர்றதுதானுங்க" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

முதலாளியம்மாவும் கவனித்துவிட்டார். "மாஸ்டருங்க, பையர் இதை வேண்டாம்னுட்டாங்கன்னா நீங்க கொஞ்சம் ஊட்டுல இருந்து ரெஸ்ட் எடுத்துக்கங்க. புதுசா ஒருத்தரைப் பார்த்துக்கறேனுங்க" என்று மெதுவாகச் சொன்னார். மாஸ்டர் "செரிங்க" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பையர் ஆபீஸ் ஆள் வருகிற நாள் வந்தது. என் வயிறு குறைந்திருந்தது என்று சொல்ல ஆசைதான். ஓரளவு குறைந்தும் இருந்தது. ஆனால் சுற்றிலும் மற்றதெல்லாம் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்ததால் அது முன்பைவிட எடுப்பாகத் தெரிந்தது. கடைசி நேர ஏற்பாடாக, காலையில் பிலிமை எடுத்து வயிற்றை இறுக்கிச் சுற்றி, அவிழாமல் இருக்க அட்டைப் பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பையும் ஒட்டிக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினால் கிட்டத்தட்ட எம்.

வந்தவர் நந்தினி என்ற பெண். சிரித்த முகம், கறாரான கண். நான் சாம்பிளைப் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். முதலாளியம்மா ஒரு பக்கம், மாஸ்டர் ஒரு பக்கம்.

"கையைத் தூக்குங்க" என்றார் நந்தினி.

தூக்கினேன். உள்ளே பிலிம் சரக் என்றது.

"என்ன சத்தம்?"

"துணிங்க மேடம். புதுத் துணி."

அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஷோல்டர் இறங்குது. செஸ்ட்ல தொளதொளன்னு இருக்கு. வயித்துல மட்டும் பிடிக்குது. இது எந்த நாட்டு எம்ங்க? இப்படி ஒரு பேட்டர்னை நான் பார்த்ததே இல்லை."

மாஸ்டர் கழுத்தில் இருந்த டேப்பை எடுத்து, சுருட்டி, மேசை மேல் வைத்தார். பேட்டர்ன் மாஸ்டர்கள் டேப்பைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டார்கள். இந்த மனிதர் இதோ வீட்டுக்குப் போகப் போகிறார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. அழுதால் மூச்சு விட வேண்டும். விட்டால் வயிறு வெளியே வரும் என்பதால் அழவும் முடியவில்லை.

நந்தினிதான் கேட்டார். "போன சீசன்ல வேற பையருக்கு அப்ரூவ் ஆன சாம்பிள் ஏதாவது இருக்கா? இதே ஆளுக்குப் போட்டுப் பார்த்தது?"

இருந்தது. பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள். அன்று அது எனக்குத் தைத்து மாட்டியது போல இருந்ததைப் பார்த்து, எல்லாரும் என்னைப் பாராட்டியதும் நினைவிருக்கிறது (பாராட்டியது சட்டையை, நான் என்னை என்று எடுத்துக்கொண்டேன்). போட்டிருந்த சாம்பிளைக் கழற்றாமல் அதன் மேலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "ஏங்க, கழட்டிட்டுப் போடுங்க" என்றார் நந்தினி.

கழற்றினேன்.

அந்த அறையில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும். மார்பெலும்பு தெரிய, தோள் கூம்பிப்போய், நடுவில் பளபளக்கிற பிளாஸ்டிக்கும் பழுப்பு டேப்புமாக நான் நின்றேன். நந்தினி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேக்கிங் ஆயிடுச்சு போல. ஷிப்மெண்ட் என்னைக்கு?" என்று கேட்டார்.

முதலாளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மாஸ்டர் சிரிக்கவில்லை. போன சீசன் சாம்பிளை எடுத்து என் தலை வழியாக மாட்டிவிட்டார். தோள் இறங்கியது. மார்பு தொளதொளத்தது. வயிறு பிடித்தது. போன சீசனில் எல்லாரும் மெச்சிய சட்டையிலும், அதே லூஸ், அதே டைட்.

மாஸ்டர் இரண்டடி பின்னால் போனார். புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார். பிறகு, அத்தனை நாள் கழித்து முதல்முறையாக, நிம்மதியாக மூச்சு விட்டார்.

"சட்டை சரிதானுங்க மேடம்," என்றார். "உள்ள இருக்கறதுதான் சுருங்கிப் போச்சு."

அப்புறம் சிரிப்பு வெடித்தது. தையல் பக்கத்திலிருந்து, அயர்ன் பக்கத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ சிரித்தார்கள். மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேசையிலிருந்த டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது உண்மை. ஆனால் அந்த டேப் திரும்ப அவர் கழுத்தில் ஏறியதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷமும் உண்மை. மூச்சை விட்டேன். டேப் பட்டென்று விட்டது, என்னுடைய பழுப்பு டேப். சிரிப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

பேட்டர்னைத் திருத்துவதற்கு முன்னால் மாஸ்டர் தைத்த முதல் சாம்பிளை எடுத்து வந்தார்கள். பிரிண்டிங் செக்ஷனிலிருந்து தினேஷ் வந்தான். போட்டான். கையைத் தூக்கினான். சத்தம் எதுவும் வரவில்லை. "இதுதாங்க எம்" என்று நந்தினி சொல்லிவிட்டு, போகும்போது என்னைப் பார்த்து, "ஏதாவது சாப்பிடுங்க சார்" என்றார். ஆர்டர் கிடைத்தது. அடுத்த மாதமே முதலாளியம்மா ஒரு பொம்மை வாங்கிப் போட்டார். அதற்கு மாஸ்டர் என் பெயரை வைத்தார். "சரவணனைத் தொடைச்சு வெய்யுங்க", "சரவணனுக்கு எக்ஸெல்லைப் போட்டுத் தொலைச்சுறாதீங்க" என்றெல்லாம், நான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்ட பிறகும், அங்கே இன்றும் குரல் கேட்கிறதாம்.

நான் ஜோசப்பிடம் திரும்பிப் போனேன். அவர் என் தோளைப் பார்த்துவிட்டு ஒரு டம்பெல்லை எடுத்து நீட்டினார். காலையில் கவிதாவும் நானும் சேர்ந்து நடக்கிறோம். வேகம் பார்க்கிற வேலை அவளுடையது. திடீரென்று, "ஏனுங்க, கேஸ் புக் பண்ணீங்களா, இல்லீங்களா?" என்று கேட்பாள். மூச்சு வாங்காமல் முழுதாகப் பதில் சொன்னால் அதே வேகம். திணறினால் அவள் நின்றுவிடுவாள், நானும் நிற்க வேண்டும். இதனால் குடும்ப விஷயம் எதிலிருந்தும் நான் தப்ப முடிவதில்லை. வயிறு மெதுவாகத்தான் போனது. தோள் மெதுவாகத்தான் வந்தது. முட்டை என் தட்டிலேயே இருக்கிறது.

மாஸ்டர் சொன்ன வாக்கியம் எப்படியோ எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மகள் கணக்கில் மார்க் குறைந்து வந்தால், "கேள்வித்தாள் சரிதானுங்க, உள்ள இருக்கறதுதான் சுருங்கிப் போச்சு" என்று தலையைத் தட்டிக் காட்டுகிறாள். மிக்ஸி சுற்றாவிட்டால் கவிதா அதையே சொல்கிறாள். நான் எதற்காவது கோபப்பட்டாலும் அதையே சொல்கிறார்கள்.

போன தைப்பூசத்துக்குச் சிவன்மலை போயிருந்தோம். படியேறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "ஏனுங்க சரவணன், ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்று ஒரு குரல். மாஸ்டர். நான் படியேறிக்கொண்டே, அம்மாவுக்கு முட்டி வலி, மாமனார் வீட்டில் புதுமனை புகுவிழா, மகள் ஏழாவது போகிறாள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. என் தோளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கவிதாவிடம் திரும்பி, "சட்டையும் சரிங்க, உள்ளயும் சரிங்க. எம்மேதான்" என்றார்.

எனக்கு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. மகள்தான் குறுக்கே புகுந்தாள். "அப்ப கம்பெனில இருக்கற பொம்மையைத் தூக்கிப் போட்டுட்டு, எங்கப்பாவையே மறுபடி வெச்சுக்குவீங்களா தாத்தா?"

மாஸ்டர் அவள் தலையில் கை வைத்து, என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது முடியாது கண்ணு," என்றார். "அந்தச் சரவணன் ஓட மாட்டான்."